ஆடிக்காற்றும் வீட்டு வண்டியும்: குமரி மாவட்டப் பயணக் குறிப்புகள்

வெள்ளி, ஆரல்வாய்மொழி

எங்களுடையது ஒரு டெம்போ டிராவலர். இருக்கைகளை எடுத்துவிட்டு, கூரையை ஃபைபரில் உயர்த்தி, உள்ளே கட்டில், அடுப்படி, ஃபிரிட்ஜ், தண்ணீர்த் தொட்டி என்று வீடாக மாற்றிய வண்டி. தம்பி ஓட்டுவான். ரிப்பேர் என் பொறுப்பு. அம்மா இந்த வருடம்தான் எங்களோடு வர ஆரம்பித்திருக்கிறார். மதுரையில் கிளம்பும்போதே வண்டியில் சில குறைகள் தெரிந்தன. மழை பெய்தால் பின்கட்டிலுக்கு மேல் கசிகிறது. நடுராத்திரியில் ஃபிரிட்ஜ் தானாக நின்றுவிடுகிறது. குழாய் எல்லாம் மூடியிருந்தும் தண்ணீர் பம்ப் அவ்வப்போது 'டக்' என்று ஒருமுறை ஓடி அடங்குகிறது. ஜன்னலைச் சாத்திப் படுத்தால் காலையில் போர்வையெல்லாம் ஈரவாடை.

வீட்டு வாசலில் நிறுத்தியே இவற்றைப் பார்த்திருக்கலாம். ஆனால் மதுரையில் ஆடியில் மழைக்கு எங்கே போவது? குறை முழுசாக வெளியே வர காற்று, மழை, உப்பு மூன்றும் ஒரே இடத்தில் வேண்டும். அதற்குக் குமரி மாவட்டம்தான். இன்னொரு காரணமும் உண்டு. குமரியின் மேற்குக் கடற்கரையில் ஜூன், ஜூலை இரண்டு மாதமும் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடைக்காலம். படகுகள் கரையில் நிற்கும், பழுது பார்க்கிறவர்கள் எல்லாரும் வேலையில் இருப்பார்கள். கசியக் கூடாத கூரை, பேட்டரி மின்சாரம், ஓயாத குலுக்கல், உப்புக்காற்று என்று எங்கள் வண்டிக்கு இருக்கிற பிரச்சினை எல்லாம் படகுக்கும் இருக்கிறது. காரவன் பட்டறையைத் தேடி அலைவதைவிடப் படகுக்கு வேலை செய்கிறவர்களிடம் கேட்பதுதான் சரி என்று பல நாளாக எனக்கு ஓர் எண்ணம்.

காவல்கிணறு தாண்டியதும் ஸ்டியரிங்கில் காற்று தெரிந்தது. மேற்குத் தொடர்ச்சி மலை முடியப்போகிற இடத்தில் இருக்கிறது ஆரல்வாய்மொழிக் கணவாய். தென்மேற்குப் பருவக்காற்று அந்த இடுக்கு வழியாக நெருக்கிக்கொண்டு வருவதால் வேகமெடுக்கிறது. முப்பந்தலில் இத்தனை காற்றாலைகள் நிற்பது அதனால்தான். உயரமான வண்டிக்கு இந்த இடம் சோதனை. லாரியைக் கடந்து முன்னால் வரும்போது, லாரியின் மறைவு விலகுகிற அந்த நொடியில் வண்டியை ஒரு முழம் தள்ளிவிடுகிறது. தம்பி 50-க்கு மேல் போகவே இல்லை.

அப்போதுதான் மேலே கடகடவென்று ஒரு சத்தம். மதில் மறைவில் வண்டியை ஓரங்கட்டிவிட்டு ஏணி போட்டு ஏறினேன். சோலார் பேனலைத் தாங்கும் பிராக்கெட்டுகளில் பின்பக்கம் இருந்த ஒன்றை விரலால் அழுத்தினால் ஒரு நூல் அளவு ஏறி இறங்குகிறது. வண்டியை மாற்றிக் கொடுத்த பட்டறையில் அதை வெறும் செல்ஃப் டிரில்லிங் ஸ்குரூவால் மெல்லிய ஃபைபரில் முறுக்கிவிட்டிருக்கிறார்கள். அடியில் தாங்குவதற்கு எதுவும் இல்லை. ஓடும்போது காற்று பேனலுக்கு அடியில் புகுந்து அதை மேலே தூக்கும். தூக்கித் தூக்கி ஸ்குரூ ஓட்டை நீள்வட்டமாகிவிட்டது, சுற்றிப் பூசியிருந்த சிலிக்கான் கிழிந்துவிட்டது. கசிவும் அங்கேதான், கடகடப்பும் அங்கேதான். பியூட்டைல் டேப்பை (தண்ணீர் புகாத ரப்பர் ஒட்டுநாடா) ஒட்டி, ராட்செட் பெல்ட்டால் பேனலைக் கட்டிவிட்டு இறங்கினேன். இப்போதைக்கு இது போதும்.

சனி, நாகர்கோவில்

விடியற்காலை மழை பிடித்தது. கட்டிலுக்கு மேல் ஈரம் தெரிந்த இடத்துக்கும் கூரை ஓட்டைக்கும் மூன்றடி இடைவெளி இருக்கிறது. உள்கூரையின் சட்டத்தைப் பிடித்துக்கொண்டு தண்ணீர் பின்னால் ஓடி, அங்கே சொட்டுகிறது. சொட்டுகிற இடத்துக்கு நேர் மேலே போய் சீலன்ட் பூசுவது பெரும்பாலும் வீண். கசிவு எங்கே என்று தெரியாவிட்டால் ஓஸ் பைப்பைக் கீழிருந்து தொடங்கிக் கொஞ்சம் கொஞ்சமாக மேலே கொண்டுபோக வேண்டும். மேலிருந்து தொடங்கினால் எல்லா இடமும் ஒரே நேரத்தில் நனைந்து ஒன்றும் பிடிபடாது.

இன்று ஃபிரிட்ஜ் நாள். பேட்டரி நன்றாக இருக்கிறது. 200 ஆம்பியர்-ஹவர் லித்தியம் அயர்ன் பாஸ்பேட், அதாவது சுமார் இரண்டரை யூனிட் மின்சாரம். ஃபிரிட்ஜ் நாளுக்கு அரை யூனிட்டுக்குக் கொஞ்சம் மேலே எடுக்கும். பிறகு ஏன் நிற்கிறது? ஃபிரிட்ஜ் ஓடிக்கொண்டிருக்கும்போதே மல்டிமீட்டரை இரண்டு இடத்தில் வைத்துப் பார்த்தேன். பேட்டரி முனையில் 13.0 வோல்ட். ஃபிரிட்ஜ் முனையில் 11.9. நடுவில் ஒரு வோல்ட்டுக்கு மேல் ஒயரிலேயே போய்விடுகிறது.

கணக்கு எளிது. போட்டிருந்தது 1.5 ஸ்கொயர் ஒயர், அதாவது குறுக்குவெட்டு 1.5 சதுர மில்லிமீட்டர். அது மீட்டருக்கு ஏறத்தாழ 0.013 ஓம் தடுக்கும். பேட்டரியிலிருந்து ஃபிரிட்ஜுக்கு 7 மீட்டர், திரும்பி வர 7, ஆக 14 மீட்டர், 0.18 ஓம். ஓடும்போது 5 ஆம்பியர் இழுத்தால் 0.9 வோல்ட் காலி. மிச்சத்தை உப்புப் பூத்த கனெக்டர் தின்கிறது. கம்ப்ரசர் கிளம்பும் நேரத்தில் இழுப்பு இன்னும் கூடும், அப்போது வோல்டேஜ் இன்னும் சரியும். ராத்திரி பேட்டரி சற்று இறங்கியிருக்கும் நேரத்தில் ஃபிரிட்ஜின் பாதுகாப்பு அமைப்பு, பேட்டரி தீர்ந்துவிட்டது என்று எடுத்துக்கொண்டு நிறுத்திவிடும். எத்தனையோ பேர் இதற்காகப் புது பேட்டரி வாங்குகிறார்கள் என்பதுதான் வருத்தம்.

கோட்டாறு பக்கம் ஒரு எலக்ட்ரிகல் கடையில் 6 ஸ்கொயர் ஃபிளெக்ஸிபிள் ஒயர் கேட்டேன்.

"ஃபிரிட்ஜுக்குத்தானே? ஒன்றரை ஸ்கொயரே தாராளம் மக்களே, வீட்டுக்கெல்லாம் அதுதான் போடுகது."

"இது 12 வோல்ட்டுல ஓடுது அண்ணாச்சி."

அவர் ஒரு கணம் யோசித்துவிட்டு, "அப்போ சரி, வள்ளத்துல லைட்டுக்கு வாங்க வாறவனும் இதைத்தான் கேப்பான்" என்று சுருளை எடுத்து வைத்தார். 230 வோல்ட்டில் ஒரு வோல்ட் குறைந்தால் யாருக்கும் தெரியாது. 12-ல் ஒரு வோல்ட் என்பது பன்னிரண்டில் ஒரு பங்கு.

மதியம் வடசேரி அருகே நிழலில் நிறுத்தி வேலையை முடித்தேன். பேட்டரியின் பாசிட்டிவ் முனையிலிருந்து ஒரு சாண் தூரத்துக்குள் ஃபியூஸ். அது முக்கியம், ஏனென்றால் ஃபியூஸ் காப்பாற்றுவது ஃபிரிட்ஜை அல்ல, ஒயரை. ஃபிரிட்ஜ் பக்கத்தில் கொண்டுபோய் ஃபியூஸை மாட்டினால், வழியில் ஒயர் உரசி ஷார்ட் ஆகும்போது தடுக்க எதுவும் இல்லை. ஒயர் முனையில் லக் அடித்து, ஹீட் ஷ்ரிங்க் ஸ்லீவ் ஏற்றி, மரத்தட்டியில் ஒயர் புகும் ஓட்டைகளுக்கெல்லாம் ரப்பர் குரோமெட் போட்டேன். முடித்ததும் ஃபிரிட்ஜ் முனையில் 12.7. இன்று ராத்திரி பாலைப் பற்றிக் கவலை இல்லை என்று அம்மாவிடம் சொன்னேன். அவர் உடனே தயிருக்கு உறை ஊற்றிவிட்டார்.

ஞாயிறு, முட்டம்

கடற்கரை ஊர்களில் ஞாயிறு ஓய்வு நாள். சர்ச்சுக்குப் போய் வருகிறவர்களைத் தவிர தெருவில் ஆள் நடமாட்டம் இல்லை, பட்டறைகளும் திறக்கவில்லை. நாங்களும் கலங்கரை விளக்கத்தையும் பாறைகளையும் பார்த்துவிட்டு, ஒரு சிறிய கடையில் மரச்சீனிக்கிழங்கும் சாளை மீன் குழம்பும் சாப்பிட்டோம். அந்தக் குழம்புக்கு அம்மா சமையல்காரரிடம் பக்குவமே கேட்டு வாங்கிவிட்டார்.

பாறையில் அலை மோதி எழும் சாரல் காற்றோடு சாலை வரைக்கும் வருகிறது. சாயங்காலம் கண்ணாடியைத் தொட்டு நாக்கில் வைத்தால் கரிக்கிறது. கடலோரம் ஒரு நாள் நின்ற வண்டிக்கு அடிப்பாகத்தில் நல்ல தண்ணீர் அடித்துக் கழுவுவது ஒரு தவணை போல, தள்ளிப் போட்டால் வட்டி ஏறும். வண்டியின் மேல்பாகத்தை மழையே கழுவிவிடும், சேசிஸின் மடிப்புகளுக்குள் மழை போகாது. உள்ளூர்க்காரர் ஒருவர் வீட்டுக் கிணற்றிலிருந்து மோட்டார் போட்டுத் தண்ணீர் விட்டார், காசு வாங்கமாட்டேன் என்றுவிட்டார். கழுவி முடித்து பேட்டரி முனைகளில் வாஸலின் தடவினேன்.

திங்கள், குளச்சல்

குளச்சல் என்றால் 1741-இல் மார்த்தாண்ட வர்மா டச்சுக்காரர்களை வென்ற போர். அதற்கான வெற்றித்தூண் கடற்கரைப் பக்கமே இருக்கிறது. தம்பிக்கு அதைப் பார்க்க ஆசை, அம்மாவையும் கூட்டிக்கொண்டு போனான். நான் நேராகப் படகுகள் நிற்கிற பக்கம் போய், ஃபைபர் வேலை பார்க்கிற மேஸ்திரி ஒருவரைப் பிடித்தேன். ஒரு விசைப்படகின் மேல்தளத்தில் ரோலர் உருட்டிக்கொண்டிருந்தார். வண்டிக் கூரை என்றதும் முதலில் தயங்கினார். பிறகு இறங்கி வந்து பார்த்தார்.

மேலே ஏறியவர் சட்டைப்பையிலிருந்து ஒரு ரூபாய் நாணயத்தை எடுத்து, ஓட்டையைச் சுற்றிச் சுற்றித் தட்ட ஆரம்பித்தார். டண், டண், டண். பேனல் சட்டத்தை நெருங்கியதும் சத்தம் 'டொப்' என்று அடங்கியது. அந்த இடத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். அடுத்த திசையில் தட்டிக்கொண்டு போய் இன்னொரு புள்ளி. எல்லாப் புள்ளியையும் இணைத்ததும் ஒரு ஸ்குரூ ஓட்டைக்கு ஒரு முறம் அளவு வட்டம் வந்துவிட்டது. ஃபைபர் அடுக்குகள் ஒன்றோடு ஒன்று ஒட்டாமல் உள்ளே பிரிந்திருக்கிற இடம் அவ்வளவும். கண்ணுக்கு ஒன்றுமே தெரியவில்லை, வெள்ளையாகப் பளபளவென்றுதான் இருக்கிறது.

"ஓட்டையை மட்டும் அடைச்சிட்டுப் போனியள்னா அடுத்த மழைக்குத் திரும்ப வருவிய" என்றார். "ஈரம் உள்ள இருக்கு. காயாம மேல எத்தனை கோட்டு அடிச்சாலும் கொப்புளம் போடும், பாத்துக்கிடுங்க."

ஆகவே இன்று முழுக்கப் பிரிக்கும் வேலைதான். பேனலைக் கழற்றி இறக்கினோம். உள்ளே கூரைத் தட்டியை எடுத்துப் பார்த்தால், சட்டமாக வைத்திருந்த பிளைவுட்டில் ஸ்குரூ டிரைவர் அழுத்தாமலே உள்ளே போகிறது, பலகை அவ்வளவு மக்கிவிட்டது. அதை முழுசாக எடுத்துவிட்டோம். பழைய சிலிக்கானைச் சுரண்டி எடுப்பதற்குத்தான் அதிக நேரம் பிடித்தது. சிலிக்கான் இருந்த இடத்தில் ரெசினும் ஒட்டாது, பெயிண்டும் ஒட்டாது, வேறு சீலன்ட்டும் ஒட்டாது. பார்வைக்குப் போய்விட்டது என்று தோன்றினாலும் ஒரு மெல்லிய படலம் இருக்கும். கிரைண்டர் போட்டுத் தேய்த்தால்தான் நம்பலாம். ஃபைபர் கூரைக்கு முதலிலேயே பாலியூரித்தேன் சீலன்ட்டைப் போட்டுவிட்டால் பின்னால் இந்தப் பாடு இல்லை.

மேலே தார்ப்பாய்க் கூடாரம் கட்டி, ஹாலஜன் விளக்கை உள்பக்கமிருந்து கூரையைப் பார்த்துத் திருப்பி வைத்து, ராத்திரி முழுக்க எரியவிடுகிறோம். கரன்ட் மேஸ்திரியின் ஷெட்டிலிருந்து. சூடு ஏறிவிடாமல் இருக்க நானும் தம்பியும் மாறி மாறிக் கையை வைத்துப் பார்த்துக்கொள்கிறோம். அம்மா மேஸ்திரியின் வீட்டில் படுத்துக்கொண்டார். அவர் மனைவி வந்து கையோடு கூட்டிக்கொண்டு போய்விட்டார்.

செவ்வாய், குளச்சல்

காலையில் மேஸ்திரி தட்டிப் பார்த்தார், தடவிப் பார்த்தார், சரி என்றார்.

முதலில் பிரிந்த அடுக்குகளைக் கிரைண்டரால் சரிவாகத் தேய்த்து எடுத்தார். தடிமன் ஒரு பங்கு என்றால் சரிவு பன்னிரண்டு பங்கு நீளம் என்பது ஃபைபர் வேலையில் பொதுவான அளவு. கூரை 4 மில்லிமீட்டர் என்றால் ஓட்டையின் விளிம்பிலிருந்து நாலுபக்கமும் ஏறக்குறைய 5 சென்டிமீட்டர் சரிவு. அந்தச் சரிவில்தான் புது மேட்டும் (கண்ணாடி இழைப் பாய்) பழைய கூரையும் ஒன்றையொன்று பிடித்துக்கொள்கின்றன. செங்குத்தான ஓட்டையை நிரப்பினால் அது ஒரு மூடி, குலுக்கலில் பெயர்ந்து வந்துவிடும். தேய்த்த தூசியை அசிட்டோன் நனைத்த துணியால் துடைத்தோம். அந்தத் தூசி உடம்பில் பட்டால் நாள் முழுக்க அரிக்கும். முழுக்கைச் சட்டை, கண்ணாடி, நல்ல மாஸ்க் மூன்றும் இல்லாமல் இதில் இறங்க வேண்டாம்.

ரெசின் கலப்பதை நானே செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொண்டேன். அவர் பக்கத்தில் நின்றார். பாலியஸ்டர் ரெசினில் முதலில் கோபால்ட் ஆக்ஸிலரேட்டர், நன்றாகக் கலக்கிய பிறகு ரெசினை இறுகவைக்கும் கேட்டலிஸ்ட், எடையில் 1 முதல் 2 சதவீதம். இந்த இரண்டு பாட்டிலையும் அவர் ஷெட்டின் இரண்டு மூலையில் வைத்திருக்கிறார். கோபால்ட்டும் கேட்டலிஸ்ட்டும் நேரடியாகக் கலந்தால் தீப்பிடிக்கும், வெடிக்கவும் செய்யும். வேலைக்கு வருகிற பையன்களுக்கு முதல் நாள் பாடமே இதுதானாம். வீட்டில் முயல்கிறவர்கள் ஆக்ஸிலரேட்டர் ஏற்கெனவே கலந்த ரெசினாகக் கேட்டு வாங்குவது நல்லது, கடையில் கிடைக்கிறது.

சதுர மீட்டருக்கு 450 கிராம் எடையுள்ள மேட்டை வட்டமாக நறுக்கி, சிறியது முதலில், பெரியது மேலே என்று அடுக்கினோம். பிரஷ்ஷால் ரெசினை இழுத்துப் பூசக் கூடாது, குத்திக் குத்தி வைக்க வேண்டும். வெள்ளை மேட் ரெசினைக் குடித்ததும் நிறம் போய்த் தெளிந்துவிடுகிறது. வெண்மை மிச்சமிருக்கிற இடத்தில் காற்று இருக்கிறது என்று அர்த்தம். அங்கே இரும்பு ரோலரை உருட்டினால் குமிழி ஓரத்துக்கு ஓடி உடையும். இருபது நிமிடத்துக்குள் கப்பில் இருந்தது கெட்டியாகத் தொடங்கி, கை வைக்க முடியாத அளவு சுட்டது. ஆகவே கொஞ்சம் கொஞ்சமாகக் கலப்பதுதான் முறை. கடைசி அடுக்கில் மெழுகு கலந்த ரெசின். காற்றுப் பட்டால் பாலியஸ்டரின் மேற்பரப்பு பிசுபிசுவென்றே நிற்கும், மெழுகு மேலே மிதந்து வந்து காற்றை மறைக்கிறது.

உள்பக்கம், பிராக்கெட் வரும் ஒவ்வோர் இடத்திலும் ஐஎஸ் 710 முத்திரை உள்ள மரைன் பிளைவுட் துண்டை ரெசின் பூசி ஒட்டி, அதன்மேல் ஒரு மேட் போர்த்திவிட்டோம். பேனலின் இழுப்பு இனி ஒரு ஸ்குரூவின் மேல் விழாது, பலகை முழுக்கப் பரவும்.

அது காயும் வரை அம்மாவுக்கான கைப்பிடி. கதவுக்குள் ஏறும்போது அவர் சீட்டின் ஓரத்தைப் பிடித்துத் தொங்குவதைப் பார்க்க எனக்குப் பொறுக்கவில்லை. துறைமுகத்தருகே ஸ்டீல் பட்டறையில் குழாய் கேட்டபோது, "கடலுக்குப் போறதா, கரையில நிக்கிறதா?" என்று கேட்டார்கள். வீட்டுக் கைப்பிடிக்கு விற்கிற 202 வகை ஸ்டீல் கடற்கரையில் சீக்கிரமே துருப்பிடிக்கும், 304-இலும் பழுப்புக் கறை வரும். 316-இல் மாலிப்டினம் இருப்பதால் உப்புக்குத் தாங்கும், விலை கூடுதல்தான். அம்மா பிடிக்கிற இடம், 316 வாங்கினேன். வளைத்து, அடிவட்டம் வைத்து, பாலிஷ் போட்டு ஒரு மணி நேரத்தில் கையில் கொடுத்துவிட்டார்கள். உயரத்தை அம்மாவை நிறுத்தி, அவர் கை இயல்பாகப் போகிற இடம் பார்த்துக் குறித்தோம். என் உயரத்துக்கு வைத்திருந்தால் அவருக்குத் தோள் வலிக்கும்.

புதன், பத்மநாபபுரம்

காலையில் பேனலை ஏற்றினோம். 8 மில்லிமீட்டர் ஸ்டெயின்லெஸ் போல்ட், உள்ளே பெரிய வாஷர், குலுக்கலில் கழலாத நைலாக் நட். பிராக்கெட் அலுமினியம் என்பதால் போல்ட் தொடும் இடத்தில் நைலான் வாஷர் வைத்தேன். அலுமினியமும் ஸ்டெயின்லெஸ்ஸும் உப்பு ஈரத்தில் தொட்டுக்கொண்டிருந்தால் அலுமினியம்தான் அரித்துப் போகும். மேஸ்திரி ஒரு பக்கெட் தண்ணீரை ஊற்றிவிட்டு உள்ளே வந்து அரைமணி நேரம் உட்கார்ந்து பார்த்தார். ஒரு சொட்டு இல்லை. கூலி வாங்கும்போது, "மெட்டீரியல் காசு மட்டும் தாருங்க, வேலை பாதி நீங்கதானே செஞ்சிய" என்றார். கட்டாயப்படுத்தித்தான் கொடுக்க முடிந்தது.

தக்கலை வந்து அரண்மனை பார்த்தோம். 1795 வரை திருவிதாங்கூரின் தலைநகரம் இது. தமிழ்நாட்டு மண்ணில் இருந்தாலும் பராமரிப்பு கேரள அரசிடம், திங்கட்கிழமை விடுமுறை. எல்லாரும் கறுப்புத் தரையையும் மரச் செதுக்கலையும் பார்க்கிறார்கள். என் கண் போனது சரிவு மரச் சட்டங்கள் அடுக்கிய ஜன்னல்களுக்கு. வெளியே மழை அடித்துப் பெய்கிறது, ஜன்னல் திறந்தே இருக்கிறது, தரை நனையவில்லை. உள்ளே காற்று ஓடிக்கொண்டிருக்கிறது. இரண்டு பருவமழையும் பெய்கிற இந்த ஊருக்கென்றே கட்டியது.

எங்கள் வண்டியின் ஈரவாடைக்கு மருந்து இதுதான். மூன்று பேர் தூங்கினால் மூச்சிலும் வியர்வையிலுமாக விடிவதற்குள் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர் உள்காற்றில் சேர்கிறது. மழைக்குப் பயந்து எல்லாவற்றையும் சாத்தினால் அது போக வழியில்லை, சுவரில் படிந்து பூஞ்சை பிடிக்கிறது. கூரை ஒழுகாவிட்டாலும் வாடை இருப்பதற்கு இதுதான் காரணம்.

தக்கலையில் ஓர் ஆசாரியிடம், பின்பக்கச் சிறிய ஜன்னலின் அளவுக்குச் சரிவுச் சட்டம் வைத்த தட்டி ஒன்று செய்யச் சொன்னோம். அவர் தேர்ந்தெடுத்தது அயனி மரம். தண்ணீருக்கு அசையாத மரம், படகு கட்டவும் இதைத்தான் எடுப்பார்கள். சட்டங்களை 45 பாகைச் சாய்வில், மேலே உள்ளதன் கீழ் விளிம்பு அதற்குக் கீழே உள்ளதன் மேல் விளிம்பை வெளியிலிருந்து மறைக்கும்படி அடுக்கி, உள்பக்கம் கொசுவலை அடித்துக் கொடுத்தார். இது தாழ்வாக, காற்று உள்ளே வர. எதிர்ப்பக்கம் கூரையோரத்தில் 12 வோல்ட் சிறிய ஃபேன், வெளியே தள்ள. 5 வாட்தான், ராத்திரி முழுக்க ஓடினாலும் பேட்டரிக்கு அது கணக்கே இல்லை.

வியாழன், மாத்தூர் வழியாகப் பேச்சிப்பாறை

போர்வை காய்ந்தே இருந்தது. மழை ராத்திரி முழுக்கப் பெய்தும்.

மாத்தூர் தொட்டிப்பாலம் 115 அடி உயரத்தில், 28 தூண்கள் மேல், ஒரு மலையிலிருந்து இன்னொரு மலைக்குப் பறளியாற்றைத் தாண்டித் தண்ணீரைக் கொண்டுபோகிறது. பம்ப் கிடையாது, மின்சாரம் கிடையாது, சரிவு மட்டும்தான். காமராஜர் காலத்துத் திட்டம். அம்மா கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு பாதி தூரம் நடந்தார்.

நம் பம்புக்கு வருவோம். "ஏண்டி, ராத்திரி பூரா அது தட்டிக்கிட்டே இருக்கு" என்று அம்மா சொல்லிக்கொண்டே இருந்தார். வண்டிகளில் வைக்கும் டயாஃப்ரம் பம்ப்பில் ஒரு பிரஷர் சுவிட்ச் இருக்கும். குழாய் மூடியதும் அழுத்தம் ஏறி நிற்கும், திறந்ததும் அழுத்தம் இறங்கி ஓடும். ஒரு குழாயும் திறக்காமல் ஓடுகிறது என்றால் அழுத்தம் எங்கோ இறங்குகிறது. வெளியே கசிகிறதா, அல்லது பம்ப்பின் வால்வு வழியாகத் தொட்டிக்கே திரும்புகிறதா என்று முதலில் பிரித்தறிய வேண்டும். பம்ப்பை அடுத்துள்ள வால்வை மூடினேன். தட்டல் நின்றுவிட்டது. அப்போது பம்ப்பில் குற்றமில்லை, அதற்குப் பிறகு உள்ள பைப்பில்தான். ஒவ்வொரு மூட்டிலும் காய்ந்த டிஷ்யூ பேப்பரைச் சுற்றி அரைமணி நேரம் விட்டேன். சிங்க் அடியில் இருந்த யூனியனில் மட்டும் பேப்பர் ஓரம் நனைந்திருந்தது. ரப்பர் வாஷர் கெட்டிப்பட்டு வெடித்திருக்கிறது. குலசேகரத்தில் ஒரு ஹார்டுவேர் கடையில் சில ரூபாய்க்கு வாஷர் கிடைத்தது. பம்ப்பையே மாற்றச் சொல்லியிருந்தார் முன்பு ஒரு மெக்கானிக்.

சுற்றிலும் ரப்பர்த் தோட்டங்கள், வானம் மூட்டம். 400 வாட் பேனல் நல்ல வெயிலில் ஒன்றரை யூனிட்டுக்கு மேல் தரும், இன்று அரை யூனிட்கூடத் தேறவில்லை. ஆடியில் இந்தப் பக்கம் வருகிறவர்கள் சோலாரை மட்டும் நம்பி வர வேண்டாம். எங்களிடம் வண்டியின் ஆல்டர்னேட்டரிலிருந்து பேட்டரியை ஏற்றும் 30 ஆம்பியர் டிசி-டிசி சார்ஜர் இருக்கிறது, ஒரு மணி நேரம் ஓடினால் ஃபிரிட்ஜின் அன்றைய தேவையில் பெரும்பகுதி வந்துவிடும். ஆல்டர்னேட்டரிலிருந்து லித்தியம் பேட்டரிக்கு நேரடியாக ஒயர் இழுப்பது ஆபத்து. பேட்டரி கேட்கிற அளவுக்குக் கொடுத்துக் கொடுத்து ஆல்டர்னேட்டர் சூடாகிக் கருகிவிடும்.

பேச்சிப்பாறை அணை 1906-இல் கட்டி முடித்தது. நீர் நிறைந்து பார்க்க அழகாக இருந்தது. இறங்கும்போது தம்பி இரண்டாவது கியரிலேயே விட்டான், பிரேக்கை அவ்வப்போதுதான் தொட்டான்.

வெள்ளி, மார்த்தாண்டம்

காலையில் கேஸ் சோதனை. எல்பிஜி காற்றைவிடக் கனமானது, கசிந்தால் தரையில் தேங்கும். அதனால் சிலிண்டர் பெட்டியின் அடியில் வெளியே திறக்கும் துவாரம் இருந்தே ஆக வேண்டும். சேறு தெறித்து அது பாதி அடைந்திருந்தது, குச்சியால் குத்திச் சுத்தம் செய்தேன். மூட்டுகளில் சோப்பு நுரை தடவிப் பார்த்தேன், குமிழி இல்லை.

அப்புறம் எடை மேடை. முதலில் முன்சக்கரம் மட்டும் ஏற்றி ஒரு சீட்டு, பிறகு முழு வண்டி ஒரு சீட்டு. மொத்தம் ஆர்சியில் உள்ள உச்ச எடைக்கு 160 கிலோ குறைவு, அது நிம்மதி. ஆனால் பின் அச்சில் பாரம் கூடுதல். தண்ணீர்த் தொட்டி நிறைந்தால் அதுவே 90 கிலோ. டூல் பெட்டியையும் உதிரி ஒயர் சுருளையும் முன்சீட்டின் பின்னால் மாற்றிவிட்டு, பின்டயரின் காற்றை அந்த எடைக்கு ஏற்ப வைத்தோம். டயரின் பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கத்தையும் படித்துக்கொண்டேன். 2319 என்றால் 2019-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. எங்கள் ஸ்டெப்னி அந்த வயதுதான், பட்டன் தேயாவிட்டாலும் மாற்ற வேண்டும்.

மேலும் ஒன்று. இப்படி வண்டி வைத்திருக்கிறவர்கள் பேப்பரில் கவனமாக இருக்க வேண்டும். மோட்டார் வாகனச் சட்டம் 1988-இன் 52-ஆவது பிரிவுப்படி, ஆர்சியில் உள்ள விவரம் மாறும்படி வண்டியை இஷ்டத்துக்கு மாற்ற முடியாது, சட்டம் விடுகிற மாற்றத்துக்கும் அனுமதி வேண்டும். கூரையை உயர்த்துவதும் இருக்கையைக் குறைப்பதும் அதில் வரும். உள்ளே ஒயர் மாற்றுவது, தட்டி வைப்பது போன்றவை நம் கைவேலை. விபத்து நடந்த பிறகு இன்ஷூரன்ஸ்காரர் அந்த அனுமதிக் காகிதத்தைக் கேட்கலாம்.

அம்மா மார்த்தாண்டம் தேனும் ஒரு தார் மட்டிப்பழமும் வாங்கியிருக்கிறார். கூரையில் ஒட்டுப்போட்ட இடத்துக்கு வெயில் தாங்கும் மேல்பூச்சு இன்னும் அடிக்கவில்லை. அதற்கு இரண்டு நாள் சேர்ந்தாற்போல் காய்ந்த வானம் வேண்டும். நாளை சிதறால் மலைக்கோவில் ஏறிவிட்டு, களியக்காவிளை தாண்டுவதற்கு முன் வானத்தைப் பார்த்து முடிவு செய்வோம். பூச்சு டப்பாவும் பிரஷ்ஷும் கட்டிலுக்கு அடியில் தயாராக இருக்கின்றன.